மின்சாரம் தின்னும் மின் நிலையம்

மின்சாரம் தயாரிக்கிற இடத்துக்கும் மின்சாரம் வேண்டும் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், "அது எப்படி சார்? ஓட்டல்காரர் தன் கடையிலேயே காசு கொடுத்தா சாப்பிடுவார்?" என்று கேட்டார். காசு கொடுக்கிறாரோ இல்லையோ, சாப்பிடத்தானே செய்கிறார் என்றேன். எவ்வளவு சாப்பிடுகிறார் என்று கல்லாவில் எழுதி வைக்காவிட்டால் கடை எங்கே போகும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் 34 வருட வேலையில் கடைசிப் பதினைந்து வருடம் இந்தக் கணக்கை எழுதுவதிலேயே போயிற்று. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த நிலையத்தின் பெயர் வேண்டாம். 210 மெகாவாட் இயந்திரங்கள் ஓடிய ஓர் அனல் மின் நிலையம் என்றால் போதும். எங்கள் பேச்சில் இயந்திரத்துக்கும் 'யூனிட்' என்றுதான் பெயர், வீட்டு பில்லில் வருவதும் 'யூனிட்' தான். குழப்பம் வராமல் இருக்க இங்கே இயந்திரத்தை 'செட்' என்று எழுதுகிறேன். பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு 210 மெகாவாட் செட் முழு லோடில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சத்து 40 ஆயிரம் யூனிட் தயாராகும். அதில் ஏறக்குறைய எட்டரை, ஒன்பது சதவீதம் வாசலைத் தாண்டாது. உள்ளேயே செலவாகிவிடும். ஒன்பது சதவீதம் என்றால் நாளொன்றுக்கு நாலரை லட்சம் யூனிட். நிலக்கரியை அரைக்க மில், பாய்லருக்குள் காற்றைத் தள்ள ஒரு ஃபேன், புகையை உறிஞ்சிச் சிம்னிக்கு அனுப்ப ஒரு ஃபேன், குளிர்விக்கும் தண்ணீருக்குப் பெரிய பெரிய பம்புகள், சாம்பலைக் கரைத்து வெளியே தள்ள இன்னும் சில பம்புகள். இதில் ராஜா பாய்லர் ஃபீட் பம்பு. மணிக்கு 700 டன் அளவுக்குத் தண்ணீரை 150 மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேல் அழுத்தி பாய்லருக்குள் ஏற்ற வேண்டும். மூன்று பம்பு இருக்கும், இரண்டு ஓடும், ஒன்று தயாராக நிற்கும். ஒவ்வொன்றின் மோட்டாரும் 4,000 கிலோவாட். பழைய 40 வாட் ட்யூப் லைட் கணக்கில் பார்த்தால் ஒரு மோட்டார் ஒரு லட்சம் ட்யூப் லைட்டுக்குச் சமம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 14-ஆம் தேதி தேசிய எரிசக்தி சேமிப்பு நாள் கொண்டாடுவோம். பேனர் கட்டி, உறுதிமொழி எடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்து, மிக்சரும் டீயும் கொடுப்போம். "அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணையுங்கள்" என்று எழுதி ஒட்டுவோம். ஒட்டுவதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சுவரொட்டிக்கு முந்நூறு அடி தள்ளி ஒரு லட்சம் ட்யூப் லைட் அளவுக்கு ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குத் தனி மீட்டர் கிடையாது.

ஆமாம், மீட்டர் கிடையாது. 1998-ல் என்னை எரிசக்திப் பிரிவுக்கு மாற்றியபோது நான் முதலில் கண்டுபிடித்தது அதைத்தான். தயாரான மொத்தம் தெரியும், வெளியே போன மொத்தம் தெரியும். கழித்தால் உள்ளே தின்றது எவ்வளவு என்று ஓர் ஒற்றை எண் வரும். யார் தின்றார்கள் என்று தெரியாது. ஒன்பது பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் மாதம் எத்தனை மூட்டை அரிசி தீர்ந்தது என்று மட்டும் தெரிந்த மாதிரி.

அந்தப் பிரிவுக்குப் போவது அப்போது தண்டனை மாதிரி. ஆபரேஷனில் இருப்பவனுக்கு மரியாதை, மெயின்டனன்ஸில் இருப்பவனுக்கு ஆள்பலம். எங்கள் பிரிவில் நான், ஓர் உதவிப் பொறியாளர், ஒரு மேசை, கால் ஆடும் இரண்டு நாற்காலி. "கணக்குப்பிள்ளை செக்‌ஷன்" என்பார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் பார்த்த ஒரே எண் பி.எல்.எஃப். செட்டின் முழுத் திறனில் எத்தனை சதவீதம் ஓட்டினோம் என்கிற கணக்கு. அது தொண்ணூறைத் தொட்டால் பாராட்டுக் கடிதம் வரும், பத்திரிகையில் செய்தி வரும். எவ்வளவு கரி எரித்து, எவ்வளவு உள்ளே தின்று அந்தத் தொண்ணூறு வந்தது என்று கேட்பவர் குறைவு.

கையில் தூக்கிப் போகிற ஓர் அளவைக் கருவி வாங்கித் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நானும் அந்த உதவிப் பொறியாளரும் ஒவ்வொரு மோட்டாராகப் போய் அளந்தோம். மூன்று மாதம் ஆயிற்று. அளக்க அளக்கச் சில விஷயங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. கண்டன்சரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் கொஞ்சம் தாராளமாக வைப்பார், வாங்குகிறவர் அதற்கு மேல் கொஞ்சம் தாராளம் சேர்ப்பார். கடைசியில் பம்பு தேவைக்கு மேல் அழுத்தம் தரும். அந்த அதிக அழுத்தத்தை என்ன செய்வது? வழியில் ஒரு வால்வை முக்கால்வாசி மூடி வைத்துக் கொன்றுவிடுவோம். காரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக்கையும் மிதிக்கிற கதை. பம்பு பல அடுக்கு இம்பெல்லர் கொண்டது. ஓர் அடுக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் ஸ்லீவ் போட்டால் அழுத்தம் குறையும், மோட்டார் இழுக்கும் மின்சாரமும் குறையும். வேறு நிலையங்களில் செய்து பார்த்த விஷயம்தான் இது. ஆனால், ஒரு பம்பு நின்றுபோனால் மற்றது தாங்குமா, டிஏரேட்டரில் அழுத்தம் கூடும் நேரத்தில் தண்ணீர் ஏறுமா என்றெல்லாம் பம்பு செய்த கம்பெனியோடு கடிதம் எழுதி எழுதி, கழற்றுவதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கழற்றியது ஒரே நாளில்.

ஃபேன்களுக்கு இன்னொரு கணக்கு. காற்றின் அளவைக் குறைக்க டாம்பரை மூடுவது ஒரு வழி, ஃபேனின் வேகத்தையே குறைப்பது இன்னொரு வழி. வேகத்தை நூற்றுக்கு எண்பதாகக் குறைத்தால் மின்சாரமும் எண்பதாகும் என்று நினைப்போம். அப்படி இல்லை, பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் அது இறங்கும். எண்பது சதவீதத்தை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 51 வரும். இதை நான் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் கண் விரிந்தது. எங்கள் பட்ஜெட் கூட்டத்தில் யார் கண்ணும் விரியவில்லை. அந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் விலையைப் பார்த்துத்தான் விரிந்தது.

கரி விஷயம் இதைவிடப் பெரிது. எங்கள் மாதிரி செட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2,500 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். இதைத்தான் ஹீட் ரேட் என்பது. ஒரு யூனிட்டில் உண்மையில் இருப்பது 860 கிலோ கலோரி. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 34 தான் மின்சாரமாகிறது. மீதியில் பாய்லரில் பதிமூன்று பதினாலு போகும். பாதிக்கு மேல் கண்டன்சரில் குளிர்ந்த தண்ணீரோடு போய்விடும், அது இயற்கையின் விதி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2,500 என்பது 2,510 ஆனால்? பத்துதானே என்று தோன்றும். நம் நாட்டுக் கரியில் கிலோவுக்கு 3,500 கலோரி என்று வைத்துக்கொண்டால் ஒரு செட்டுக்கு நாளைக்கு 3,600 டன் கரி. கிட்டத்தட்ட ஒரு முழு சரக்கு ரயில். ஹீட் ரேட் பத்து கூடினால் தினமும் 14 டன் கூடுதலாக எரியும். சிம்னி வழியே போகும் புகை தேவைக்கு மேல் 20 டிகிரி சூடாகப் போனால் பாய்லரின் திறனில் ஏறக்குறைய ஒரு சதவீதம் போயிற்று. இவையெல்லாம் சத்தம் போடாத திருட்டுகள். டியூப் வெடித்தால் ஊருக்கே கேட்கும். இது கேட்காது.

கேட்கிற காது ஒருவருக்கு இருந்தது. நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம், நெல்லைப் பக்கத்துக்காரர், போர்டு ஆபரேட்டர். அதற்கு முன் டர்பைன் ஃப்ளோரில் பல வருடம் இருந்தவர். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை வால்வு உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "பாஸிங்" என்பார். அதாவது, மூடியிருக்க வேண்டிய வால்வு உள்ளுக்குள் கசிகிறது, நல்ல நீராவி வேலை செய்யாமலே நேராகக் கண்டன்சருக்குப் போகிறது. நான் அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழாயை அளப்பேன். ஆறியிருக்க வேண்டிய குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். அவர் சொல்லி நான் அளந்து தவறியதாக எனக்கு நினைவில்லை. அவரிடமிருந்து எடுத்த பட்டியலைத்தான் ஒவ்வொரு ஓவர்ஹாலுக்கும் மெயின்டனன்ஸுக்குக் கொடுப்பேன். என் கையெழுத்தில் போனாலும் அது அவருடைய பட்டியல்.

ஆனால் அதே அண்ணாச்சிதான் என் யோசனை ஒன்றுக்கு முதலில் மறுப்புச் சொன்னவர். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

டர்பைனில் வேலை முடிந்த நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குவது கண்டன்சர். அதற்குள் வெற்றிடம் இருக்கும், நாங்கள் வேக்குவம் என்போம். வேக்குவம் நன்றாக இருந்தால் டர்பைன் நன்றாக இழுக்கும். குளிர்விக்கும் தண்ணீர் 33 டிகிரியில் வரும் என்று கணக்கிட்டு வடிவமைத்த இயந்திரங்கள் அவை. இரண்டு செட்டுக்குப் பொதுவான ஒரு குழாய், அதற்கு நான்கு பெரிய பம்புகள், ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட்டுக்கு மேல். மார்கழி, தை மாத இரவுகளில் அந்தத் தண்ணீர் 26 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது மூன்று பம்பே போதும். வேக்குவம் ஓர் அளவுக்கு மேல் கூடினாலும் டர்பைனின் கடைசிச் சக்கரத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. பசி அடங்கிய பிறகு பரிமாறுகிற சாதம் மாதிரி.

கணக்கு எழுதி எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அண்ணாச்சி முழுவதும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சார், நீங்க எழுதியிருக்குற கணக்கு சரிதான். நாளைக்கு ஓடுற மூணுல ஒண்ணு நின்னு, வேக்குவம் விழுந்து, ரெண்டு செட்டும் ட்ரிப் ஆச்சின்னா மெமோ யாருக்கு வரும்? ஒங்களுக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"பம்பு ஒண்ணு ராத்திரி பூரா சும்மா ஓடிச்சின்னு இதுவரைக்கும் யாருக்காவது மெமோ வந்திருக்கா?"

எனக்குப் பதில் இல்லை. அந்தப் பிரிவில் ஐந்து வருடமாக நான் படித்திருந்த புத்தகங்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. பம்பின் திறன், மோட்டாரின் திறன், வெப்ப இழப்பு என்று அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். நாலாவது பம்பு உண்மையில் எதற்காக ஓடுகிறது என்பதற்கு அத்தியாயம் இல்லை. அது ஓடியது தண்ணீருக்காக அல்ல, பயத்துக்காக. நிலையம் முழுக்கச் சுற்றிப் பார்த்தால் அப்படி ஓடுகிற இயந்திரங்கள் பத்தாவது இருக்கும். தேவையில்லாத கூடுதல் மில், எதற்கும் இருக்கட்டும் என்று ஓடும் கம்ப்ரெஸர். அந்தப் பயத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். 210 மெகாவாட் சட்டென்று போனால் ஊரெல்லாம் இருட்டாகும் வாய்ப்பு உண்டு. திரும்ப ஓட்டுவதற்கு விலை உயர்ந்த எண்ணெய் எரிக்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர் அந்த நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

ஆகவே கணக்கைத் திருத்துவதை விட்டுவிட்டு நான் கையெழுத்துக்கு அலைந்தேன். அப்போது ஆபரேஷனுக்குப் பொறுப்பாக இருந்த மேற்பார்வைப் பொறியாளர் அதிகம் பேசாதவர். ஃபைலை இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, டைப் செய்யச் சொல்லாமல், கண்ட்ரோல் ரூம் உத்தரவுப் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினார். உள்ளே வரும் தண்ணீர் 28 டிகிரிக்குக் கீழே இருந்தால் மூன்று பம்பு. நாலாவது எந்த நேரமும் தானாகத் தொடங்கும் நிலையில் தயாராக இருக்க வேண்டும். வேக்குவம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் அதைப் போட்டுக்கொள்ளலாம். கடைசி வரியில், இந்த உத்தரவின்படி நடந்து ஏதாவது ஆனால் பொறுப்பு என்னுடையது என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இது போதும் சார்" என்றார். 2003 டிசம்பரில், ஒரு ராத்திரி பத்து மணிக்கு, நாலாவது பம்பை அவர்தான் நிறுத்தினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. ஓர் இரவுக்குப் பத்து மணி நேரம், 90 நாள் என்று வைத்தால் 9 லட்சம் யூனிட். மாதம் 100 யூனிட் செலவழிக்கும் 3,000 வீடுகளுக்கு மூன்று மாத மின்சாரம். ஒரு பைசா முதலீடு இல்லை.

அடுத்த குளிர்காலம், 2005 ஜனவரி. பொங்கல் கழிந்த வாரம். விடியற்காலை நாலரைக்குப் பக்கம் ஒரு செட் வேக்குவம் குறைந்து ட்ரிப் ஆனது. எனக்கு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போன் வந்தது. பேசியவர் விஷயத்தைச் சொல்லும் முன்பே, "மூணு பம்புதான் ஓடிக்கிட்டிருந்தது" என்றார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போவதற்குள் நிலையம் முழுக்கத் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். கணக்குப்பிள்ளை மிச்சம் பிடித்தான், செட் படுத்துவிட்டது. உத்தரவு எழுதிய மேற்பார்வைப் பொறியாளர் ஆறு மாதம் முன்பே மாற்றலாகிப் போயிருந்தார்.

அன்று ஷிஃப்டில் அண்ணாச்சி இல்லை. ஆனால் ஏழு மணிக்கு வந்தவர் நேராகப் பக்கத்துச் செட்டின் போர்டுக்குப் போனார். சார்ட் ரெக்கார்டரிலிருந்து அந்த இரவின் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இதப் பாருங்க." அலுவலகத்தில் எல்லார் முன்பும் சார் என்றுதான் கூப்பிடுவார். அன்றுதான் முதல் முறையாக நாலு பேர் முன்னால் தம்பி என்றார். "ரெண்டு செட்டுக்கும் ஒரே தண்ணி. ஒரே குழா. தண்ணி பத்தலன்னா ரெண்டு பக்கமும்லா விழணும்? இந்தப் பக்கம் கோடு அசையவே இல்லியே."

அசையவே இல்லை. நாலரை மணிக்கும் நேர்க்கோடு, ஐந்து மணிக்கும் நேர்க்கோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்த செட்டின் தாள்களைப் பார்த்தேன். கண்டன்சருக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் கடைசி நிமிஷம் வரை மாறவில்லை. தண்ணீர் குறைந்திருந்தால் அது ஏறியிருக்க வேண்டும். தண்ணீர் சரியாக இருந்தும் வேக்குவம் விழுகிறது என்றால் எங்கோ காற்று உள்ளே நுழைகிறது. டர்பைன் தண்டு உறைக்குள் நுழையும் இடத்தில் வெளிக்காற்று போகாமல் இருக்கக் கொஞ்சம் நீராவி கொடுத்து அடைத்து வைப்போம். அந்த நீராவியைக் கட்டுப்படுத்தும் கருவி அன்று இரவு மூடியபடியே சிக்கிக்கொண்டுவிட்டது. பத்து மணிக்கு இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் அதைப் பிரித்தபோது தெரிந்தது. நான்கு பம்பு ஓடியிருந்தாலும், நாற்பது பம்பு ஓடியிருந்தாலும் அந்தச் செட் விழுந்திருக்கும்.

விசாரணை நடந்தது. இரண்டு சார்ட்டையும் ஒட்டி, அருகருகே வைத்து விளக்கினேன். ஒத்துக்கொண்டார்கள். அறிக்கையில் காரணம் சரியாகவே எழுதப்பட்டது. கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வரி இருந்தது: முன்னெச்சரிக்கையாக இனி எல்லாக் காலத்திலும் நான்கு பம்புகளும் ஓட வேண்டும்.

காரணத்துக்கும் அந்த வரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை எழுதியவர்களை நான் திட்டவில்லை. மேலே அனுப்பும் அறிக்கையில் 'நடவடிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஏதாவது எழுத வேண்டும். சிக்கிய கருவியைச் சுத்தம் செய்தோம் என்று எழுதினால் சின்னதாகத் தெரியும். ஆனாலும் எனக்கு வருத்தம் போகவில்லை. மூன்று முறை குறிப்பு எழுதினேன், மூன்றும் 'பார்க்கப்பட்டது' என்று திரும்பி வந்தன. ஏழு முழுக் குளிர்காலம் அந்த நாலாவது பம்பு ஓடியது. கணக்குப் போட்டால் 63 லட்சம் யூனிட். அந்த வருடங்களை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2008-ல் தொடங்கி 2012 வரை தமிழ்நாடு மின்வெட்டில் தவித்த காலம் அது. விசிறி நின்று பேரக் குழந்தை அழும்போது வீட்டில், "நீங்கதானே கரண்ட் தயார் பண்றீங்க?" என்று கேட்பார்கள். எனக்கு அந்தப் பம்புதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு பம்பை நிறுத்தியிருந்தால் மின்வெட்டு தீர்ந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் பெருங்காயம் நம் வீட்டுடையது.

இதற்கிடையில் வெளியே உலகம் மாறிக்கொண்டிருந்தது. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அடுத்த வருடம் மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம், நம் வாயில் பி.இ.இ., தொடங்கினார்கள். இப்போது ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அவர்கள்தான். பெரிய நுகர்வோர் பட்டியலில் அனல் மின் நிலையங்களையும் சேர்த்து, எரிசக்தி மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் தேர்வு எழுதித் தேறியவராக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஐம்பது வயதில் நான் அந்தத் தேர்வு எழுதினேன். மேலாளருக்கு மூன்று தாள், தணிக்கையாளருக்கு நான்கு. என் மகள் கல்லூரிப் பரீட்சைக்கு ஒரு மூலையில், நான் இன்னொரு மூலையில். என் மனைவி இரண்டு பேருக்கும் ராத்திரி பால் கொண்டு வந்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவாள். கணக்குப்பிள்ளை செக்‌ஷனுக்குச் சட்டத்தில் பெயர் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

ஆனால் சட்டத்தால் பம்பு நிற்கவில்லை. 2012-ல் பாட் என்று ஒரு திட்டம் வந்தது. எட்டுத் துறைகளில் 478 பெரிய ஆலைகள், நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடத்தில் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று தனித்தனி இலக்கு. இலக்கைத் தாண்டிச் சேமித்தால், ஒரு டன் எண்ணெய்க்குச் சமமான சேமிப்புக்கு ஒரு சான்றிதழ், அதைச் சந்தையில் விற்கலாம். எட்டாவிட்டால் வாங்க வேண்டும், இல்லை அபராதம். மின் நிலையங்களுக்கு அளவுகோல் நிகர ஹீட் ரேட். அதாவது பாய்லரில் எரித்தது, டர்பைனில் இழந்தது, உள்ளே தின்றது மூன்றும் ஒரே எண்ணில் வந்துவிடும். நாங்கள் பதினைந்து வருடம் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்ததை அந்த ஓர் எண் சொல்லிவிட்டது. முதல் முறையாக மாதாந்திரக் கூட்டத்தில் பி.எல்.எஃப்.-க்கு முன்பாக ஹீட் ரேட் பேசப்பட்டது. ஹீட்டர் ஒன்று பழுதாகிக் கிடந்தால், முன்பெல்லாம் அடுத்த ஓவர்ஹாலில் பார்க்கலாம் என்பவர்கள், எப்போது சரியாகும் என்று தேதி கேட்டார்கள். மோட்டார்களுக்கு மீட்டர் வந்தது. வீணாக ஓடும் பம்புக்கும் இப்போது ஒரு மெமோ வரலாம் என்கிற நிலை வந்தது. அண்ணாச்சியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்க ஒன்பது வருடம் ஆயிற்று.

2012 டிசம்பரில் பழைய உத்தரவுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஓரம் பழுத்திருந்தது. அதே நிபந்தனைகளைப் புதிய அதிகாரி டைப் செய்து கையெழுத்திட்டார். பொறுப்பு என்னுடையது என்கிற கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி அதற்குள் ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். போன் செய்து சொன்னேன். "நல்லது தம்பி. கிளாண்டு ஸ்டீம் ரெகுலேட்டர மாசம் ஒருக்கா ஆட்டி வைக்கச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். செய்தார்கள்.

நான் 2014-ல் ஓய்வு பெற்றேன். இப்போது காலம் இன்னும் மாறிவிட்டது. பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது. அனல் நிலையங்களை 55 சதவீதத்துக்கு இறக்கு, மாலையில் ஏற்று என்கிறார்கள், இன்னும் கீழே 40 வரை இறக்க 2023-ல் விதியும் வந்துவிட்டது. முழு லோடில் ஓடுவதற்குச் செய்த இயந்திரம் பாதி லோடில் ஓடினால் ஹீட் ரேட் ஏறும். ஃபேனும் பம்பும் பாதியாகக் குறையாது, ஆகவே உள்ளே தின்னும் சதவீதமும் ஏறும். நாங்கள் எட்டரையை எட்டாக்கப் பட்ட பாடெல்லாம் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரே இறக்கத்தில் போய்விடும். சூரியனை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொல்லவும் கூடாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புதுக் கணக்கு.

என் இடத்தில் இப்போது இருக்கும் பையன், பையன் என்ன, அவருக்கே நாற்பது வயது, போன வாரம் போன் செய்தார். பகலில் லோடு இறங்கும் நேரத்தில் இரண்டு பாய்லர் ஃபீட் பம்பில் ஒன்றை நிறுத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஒரு பம்பு தாங்குகிற லோடுக்குக் கீழே எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு மாதக் கணக்கை எடுத்து அனுப்பியிருந்தார். நன்றாகச் செய்திருந்தார். ஓடுகிறது திடீரென்று நின்றால் டிரம் லெவல் எத்தனை நொடி தாங்கும் என்பதை மட்டும் சோதித்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஆபரேட்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்தா நிறுத்தறேன்னு சொல்றார் சார்."

"ஃபைல் போட்டீங்களா?"

"போட்டு இருபது நாள் ஆச்சு சார். இன்னும் மேலேருந்து வரல."